அம்மா சொல்லச் சொன்னது

சென்ற மாதம் தம்பி மகன் ஒரு காணொளி அனுப்பியிருந்தான். ஜொகூரில் ஏதோ ஒரு செம்பனைத் தோட்டம். அவனுடைய நண்பர்களின் ஜீப் வயிறு தரைதட்டச் சேற்றில் புதைந்து கிடக்கிறது. அதை இன்னொரு ஜீப்போடு கயிற்றால் பிணைத்திருக்கிறார்கள். கயிற்றின் இரு பக்கமும் ஏழெட்டு இளைஞர்கள், தேர் பார்க்க வந்தவர்களைப்போல, கைப்பேசியை உயர்த்திப் பிடித்தபடி நிற்கிறார்கள்.

நான் துவாஸில் ஒரு கப்பல் பட்டறையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவள். இழுக்கும் கயிற்றின் அருகே எப்படி நடந்துகொள்வது என்று பதினொரு பக்கத்தில் விதிமுறை எழுதியவள். அதை யாரும் படிக்கவில்லை என்பதை ஆண்டுதோறும் தணிக்கை செய்து உறுதிப்படுத்தியவளும் நானே. அவனுக்கு நீண்டதொரு குரல் செய்தி அனுப்பினேன். பம்பரில் மாட்டாதே, வண்டியின் அடிச்சட்டத்தில் மாட்டு. கயிற்றின்மேல் கனமான துணி ஒன்றைப் போடு. கயிற்றின் நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு தள்ளி நில்.

"ரிலாக்ஸ் லா அத்தை" என்று பதில் வந்தது.

அவனைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கும் அது வகுப்பறையில் ஏறியதில்லை. பத்து வயதில், இதே துவாஸில், பட்டறைகளும் தொழிலாளர் விடுதிகளும் வருவதற்கு முன்பு, சேறும் கண்டல் மரங்களுமாகக் கிடந்த கரையில் ஏறியது.

அப்பா அரசாங்க இலாகா ஒன்றில் ஓட்டுநர். தண்ணீர்க் குழாய் போகும் காட்டுப் பாதைகளில் பொறியாளர்களை ஏற்றிப் போவது வேலை. நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் பச்சை நிற ஜீப். குழாய் உடைந்தால் உடனே கிளம்ப வேண்டும் என்பதால் சனி ஞாயிறுகளில் அது எங்கள் வீட்டு வாசலில் நிற்கும். குடும்பத்தோடு கடற்கரைக்குப் போய்ப் புளிச்சோறு சாப்பிடுவதற்கு அதை எடுக்கலாம் என்று எந்த விதியிலும் இல்லை. ஆனால் பெரியப்பா எடுக்கச் சொல்லிவிட்டார்.

பெரியப்பா அப்பாவின் அண்ணன். ஜாலான் புசாரில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். அவர் சொல்லுக்கு அப்பா எதிர்ச்சொல் சொல்லி நான் கேட்டதில்லை. அம்மாவோ அவரிடம் எந்தச் சொல்லுமே சொன்னதில்லை. கணவனின் அண்ணனோடு நேருக்கு நேர் பேசுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. அதற்காகப் பேச்சு நின்றுவிடுமா? நடுவில் நான் இருந்தேன். "பெரியப்பாவுக்கு இன்னும் கொஞ்சம் ரசம் வேணுமான்னு கேளு" என்பாள் அம்மா. மூன்றடி தள்ளி இலை முன்னால் இருக்கும் அவர், காது கேட்காதவர்போல் என் வாய்க்காகக் காத்திருப்பார். நான் கேட்ட பிறகு, "போதும்னு சொல்லு" என்பார். நான் திரும்பி, "போதுமாம்" என்பேன். ஒவ்வொரு செய்தியின் முடிவிலும் "அம்மா சொல்றாங்க" என்று முத்திரை வைப்பது என் வழக்கம். என் முதல் உத்தியோகம் அதுதான். சம்பளம் கிடையாது. ஆனால் நான் இல்லாமல் அந்த வீட்டில் ஒரு கரண்டி ரசம்கூட நகராது என்ற பெருமை இருந்தது.

தம்பி அப்போது பிறக்கவில்லை. அன்று அப்பா, அம்மா, நான் மூவரும் ஜீப்பில் போனோம். பெரியப்பா தம் இரண்டு மகன்களோடு கடை லாரியில் வந்தார். லாரி கெட்டித் தரையில் நின்றது. "நீ கீழே வரைக்கும் ஓட்டுடா தம்பி. ஜீப்புதானே, கடல்லயே ஓடும்!" என்றார் பெரியப்பா. அப்பா தரையைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். ஓட்டினார். நாற்பது அடி தாண்டுவதற்குள் நான்கு சக்கரமும் சேற்றில் பாதி மூழ்கிவிட்டன.

அப்பா உடனே இயந்திரத்தை நிறுத்தினார். இறங்கி ஒருமுறை சுற்றி வந்தார். பிறகு கடலைப் பார்த்தார். தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது. இன்னும் இரண்டு மணி நேரத்தில் ஜீப் நிற்கும் இடம் கடலாகிவிடும். திங்கட்கிழமை காலை அலுவலக வாசலில் நிற்க வேண்டிய வண்டி. அது மூழ்கினால் அப்பாவின் வேலையும் சேர்ந்து மூழ்கும் என்பது எனக்குக்கூடத் தெரிந்தது.

"அண்ணே, முதல்ல சக்கரத்துக்கு முன்னால தோண்டிட்டு, டயர்ல கொஞ்சம் காத்தை எறக்கிப் பாப்போமா?"

பெரியப்பா மகன்களைப் பார்த்துச் சிரித்தார். "கேட்டீங்களாடா? மாட்டிக்கிட்ட வண்டிக்குக் காத்தை எறக்குறாராம் உங்க சித்தப்பா. அப்புறம் சக்கரத்தையே கழட்டுவாரு லா!"

மகன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு முகம் சூடானது. அப்பா ஏன் இப்படி உளறுகிறார் என்றிருந்தது.

பெரியப்பா லாரியிலிருந்து கம்பிக்கயிறு ஒன்றை இறக்கினார். அவர் கடைச் சரக்கு. "இது கப்பலையே இழுக்கும்" என்று சொல்லி, ஒரு முனையை லாரியிலும், கொக்கி வைத்த மறுமுனையை ஜீப்பின் பம்பரிலும் மாட்டினார். மூத்த மகன் லாரியில் ஏறினான். "நான் கையைத் தூக்கினா இழு" என்று சொல்லிவிட்டு, பெரியப்பா இரண்டு வண்டிகளுக்கும் நடுவில், கம்பிக்குப் பக்கத்திலேயே, தம் கறுப்புக் குடையை ஈர மண்ணில் ஊன்றிக்கொண்டு தளபதியாக நின்றார்.

அப்பா தண்ணீர் குடிக்க வருவதுபோல், அம்மாவும் நானும் பாய் விரித்து உட்கார்ந்திருந்த மரத்தடிக்கு வந்தார். குவளையை வாங்கிக்கொண்டு, தாழ்ந்த குரலில், ஆனால் என் காதிலும் விழ, அம்மாவிடம் சொன்னார்: "அந்தக் கம்பி அறுந்துச்சுன்னா அண்ணன் தலை போயிடும். நான் சொன்னா கேக்க மாட்டாரு. எப்படியாச்சும் இந்தப் பக்கம் வரவழை." சொல்லிவிட்டு ஜீப்பில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அம்மா என்னைக் கூப்பிட்டாள். "பெரியப்பாவுக்கு வெயில் அடிக்குது. மரத்தடிக்கு வந்து உக்காரச் சொல்லு."

ஓடிப்போய்ச் சொன்னேன். "வெயில் என்னை என்ன பண்ணும்னு சொல்லு" என்றார்.

ஓடிவந்து சொன்னேன். லாரி உறுமத் தொடங்கியிருந்தது. அம்மாவின் விரல்கள் முந்தானை நுனியை முறுக்கின. "காப்பி ஆறுதுன்னு சொல்லு. சீக்கிரம் போ."

"ஆறட்டும்னு சொல்லு."

இரண்டு செய்தியும் எடுபடவில்லை. மூன்றாவதாக அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நான் பாதி வழியில் நின்றபடி, உள்ளதிலேயே பெரிய குரலை எடுத்தேன்.

"பெரியப்பா! அந்தக் கம்பி அறுந்துச்சுன்னா உங்க தலை போயிடுமாம். அறிவிருந்தா தள்ளி நில்லுங்கன்னு அம்மா சொல்றாங்க!"

தலை போகும் என்பது அப்பாவின் சொல். 'அறிவிருந்தா' என் சொந்தச் சேர்க்கை. மூன்றாம் முறை போகும் செய்தியில் கொஞ்சம் அழுத்தம் வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. முத்திரை மட்டும் வழக்கம்போல் அம்மாவுடையது.

பெரியப்பா குடையை ஊன்றிய இடத்திலேயே விட்டுவிட்டு வேகமாக வந்தார். மரத்தடியை அடைந்து, என்னைப் பார்த்து, "இது உங்கம்மா சொன்ன வார்த்தையா?" என்று கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் அம்மா எழுந்தாள். அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"ஆமா. நான்தான் சொன்னேன்."

அம்மா அவரோடு நேரில் பேசிய முதல் வாக்கியம் அது. பெரியப்பா கோபத்தில் கையைத் தலைக்கு மேலே உயர்த்தி, "என்னைப் பார்த்தா" என்று ஆரம்பித்தார். லாரிக் கண்ணாடியில் மகன் அந்தக் கையைப் பார்த்தான். சொன்னபடி இழுத்தான்.

துப்பாக்கி வெடித்ததுபோல் ஒரு சத்தம். பம்பரில் மாட்டிய கொக்கி நிமிர்ந்துவிட்டது. கம்பி காற்றைக் கிழித்துக்கொண்டு பாய்ந்து, லாரியின் பின்பலகையைப் பிளந்து நின்றது. போகிற வழியில் குடையையும் பார்த்துவிட்டுப் போயிருந்தது. கைப்பிடி ஒரு பக்கம், கறுப்புத் துணி ஒரு பக்கம் கிடந்தன.

பெரியப்பா மெல்ல உட்கார்ந்தார். அம்மா ஆறிப்போன காப்பியை ஊற்றினாள். என் கையில் கொடுக்கவில்லை. அவர் முன்னால் அவளே வைத்தாள்.

அதன் பிறகு அப்பா யாரையும் எதுவும் கேட்கவில்லை. சக்கரங்களுக்கு முன்னாலும் வண்டியின் வயிற்றுக்கு அடியிலும் சேற்றைத் தோண்டி எடுத்தார். ஒவ்வொரு டயரிலும் தீக்குச்சியால் வால்வை அழுத்திக் காற்றை இறக்கினார். டயர்கள் அகன்று, ஒட்டகத்தின் பாதம்போல் தட்டையாகின. நாங்கள் உட்கார்ந்திருந்த பாய்களையும் ஒடித்த கிளைகளையும் சக்கரங்களுக்கு முன் திணித்தார். எல்லாரையும் தூரமாக அனுப்பிவிட்டு, தாழ்ந்த கியரில், உறுமாமல் ஊர்ந்தார். ஜீப் ஒருமுறை முனகியது. பிறகு, தூங்கி எழுந்தவன் படுக்கையை விட்டு வருவதுபோல், சாவகாசமாக வெளியே வந்தது. சற்று நேரத்தில் அந்தக் குழிகளில் கடல் நிரம்பியது.

சிரித்த மகன்கள் இருவரும் கால் பம்பை மிதித்து நான்கு டயர்களுக்கும் காற்றடித்தார்கள். என் வாழ்நாளில் பார்த்த அழகான காட்சிகளில் அதற்கு நல்ல இடம் உண்டு. வளைந்த பம்பரை அன்று மாலையே பெரியப்பா கடையில் தட்டி நேராக்கிவிட்டார்கள். திங்கட்கிழமை ஜீப் அலுவலக வாசலில் நின்றது. அப்பா ஓய்வுபெறும்வரை அந்த வேலையில் இருந்தார்.

பெரியப்பா இரண்டு தீபாவளிக்கு எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. "எனக்கு அறிவிருக்கான்னு கேட்டவ" என்று சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் சொன்னார். கோபப்படுவதற்கு ஆள் உயிரோடு இருந்தார் என்பதை யாரும் அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை. கல்யாண வீடுகளில் பெண்கள் அம்மாவைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார்கள். 'நான் சொல்லலை, குழந்தை உளறிடுச்சு' என்றோ, 'உங்க தம்பிதான் சொல்லச் சொன்னாரு' என்றோ ஒரு வரி போதும். அம்மா அந்த வரியைக் கடைசிவரை சொல்லவில்லை. அப்பாவும் சொல்லவில்லை. சேற்றிலிருந்து ஜீப்பை எடுக்கத் தெரிந்த மனிதருக்கு இது தெரியவில்லை.

கம்பி அறுந்தால் பாயும் கோட்டில் எக்காரணம் கொண்டும் எவரும் நிற்கக் கூடாது என்பது என் பதினொரு பக்கத்தில் முதல் விதி. அதை எழுதியபோது எனக்கு ஐம்பது வயது. அம்மா எங்கே போய் நின்றாள் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

பத்து வயதில் புரிந்தது வேறு. பெரியப்பாவை நகர்த்தியது என் வாக்கியம். என் குரல். எனக்கு வர வேண்டிய பெயரை, "நான்தான் சொன்னேன்" என்று அம்மா எடுத்துக்கொண்டுவிட்டாள். திரும்பும் வழியெல்லாம் நான் அவளோடு பேசவில்லை. புக்கிட் பாஞ்சாங் தாண்டும்போது அம்மா தண்ணீர்க் குவளையை நீட்டினாள். ஜீப் ஓட்டிக்கொண்டிருந்த அப்பாவின் பக்கம் திரும்பினேன்.

"எனக்கு வேணாம்னு அம்மாகிட்ட சொல்லுங்க" என்றேன்.