குளிர் அறைக்குள் கேட்ட சத்தம்

மூன்று வருஷத்துக்கு முன்னால், கிளமெண்டி பக்கம் கான்கிரீட்டை உறையவைத்துச் சோதிக்கும் ஒரு லேப்பில் நான் வேலை பார்த்தபோது நடந்தது இது. சிங்கப்பூரில் ஏது பனி என்று கேட்பீர்கள். உறைந்த மீன் வைக்கும் கிடங்குகளுக்குத் தரை போட வேண்டுமே, அதற்காகத்தான். கான்கிரீட் கட்டிகளைத் தண்ணீரில் ஊறவைத்து, குளிர் அறையில் உறையவைத்து, வெளியே எடுத்து இளகவிடுவோம். திரும்பவும் உள்ளே வைப்போம். எத்தனை தடவை தாங்குகிறது என்று பார்ப்பதுதான் வேலை.

உறையும்போது உள்ளேயிருந்து 'டக்' என்று சத்தம் வரும். தண்ணீர் ஐஸாகி விரிவதால் வருவது. ஆரம்பத்தில் உடம்பு சிலிர்க்கும். போகப்போகப் பழகிவிட்டது.

அன்று மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தால், வழக்கத்தைவிட அதிகச் சத்தம். டக், டக், டக். கொஞ்சம் இடைவெளி. மறுபடி மூன்று. விரிசல் விழ ஆரம்பித்துவிட்டது என்று சந்தோஷமாக நேரத்தைக் குறித்துக்கொண்டேன்.

லேப்பைச் சுத்தம் செய்யும் அக்கா குளிர் அறைக் கதவருகே வந்து அப்படியே நின்றுவிட்டார்.

"உள்ள யாரோ இருக்காங்கம்மா."

"கல்லு வெடிக்கிற சத்தம் லா அக்கா," என்று சிரித்தேன். ஐஸ் எப்படி விரியும் என்று விளக்கம் வேறு கொடுத்தேன்.

அவர் காதில் வாங்கவில்லை. மாப் கம்பால் கதவை இரண்டு தடவை தட்டினார்.

உள்ளேயிருந்து இரண்டு தட்டல் வந்தது.

ஓடிப்போய்க் கைப்பிடியை இழுத்துக் கதவைத் திறந்தேன். கூட வேலை பார்க்கும் அண்ணன் வாசலை ஒட்டி உட்கார்ந்திருந்தார். அரைக்கைச் சட்டை. புருவமெல்லாம் வெள்ளை. கையில் ஓர் உடைந்த கான்கிரீட் துண்டு. கதவு திறந்தது அவருக்குத் தெரியவில்லை. எதிரே கதவே இல்லாத இடத்தில் அந்தக் கை இன்னும் தட்டிக்கொண்டே இருந்தது.

வெப்பநிலையைப் பார்த்துவிட்டு வரலாம் என்று நுழைந்தவர். உள்பக்கத் தாழ் ஐஸ் பிடித்து இறுகிவிட்டது. கத்திக் கத்திக் குரலும் போய்விட்டது. ஆம்புலன்ஸ் வந்தது. பிழைத்துக்கொண்டார்.

இரண்டு வாரம் கழித்து தேக்காவில் ஒரு டீக்கடையில் அவரைப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அவர் கோபப்படவில்லை. டீயை ஆற்றிக்கொண்டே, "நீ சிரிச்சது உள்ள நல்லாவே கேட்டுச்சு," என்று மட்டும் சொன்னார்.

யாராவது ஏதோ கேட்டதாகச் சொன்னால், இப்போதெல்லாம் நான் காரணம் சொல்ல வாயைத் திறப்பதில்லை, முதலில் எழுந்து போய்ப் பார்த்துவிடுகிறேன்.