நின்றால் அலையும் அம்பு

எங்கள் மாமா ஒரு பொருளைக் கையில் எடுத்தால் பிரித்துப் பார்க்காமல் கீழே வைத்ததில்லை. வீட்டு ரேடியோ, பக்கத்து வீட்டு மிக்ஸி, பெரியப்பாவின் கைக்கடிகாரம் எல்லாம் அவர் கையில் விழுந்து எழுந்தவைதான். கடிகாரம் மட்டும் எழவில்லை. பெரியப்பா அதற்காக அவரோடு ஒரு வருஷம் பேசாமல் இருந்தார். மாமா அம்மாவுக்கு ஒரே தம்பி. தண்டையார்பேட்டையில் செல்போன் ரிப்பேர் கடையில் வேலை பார்த்தார். இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாவது ஆள் சாலையில்தான் நிற்க வேண்டும், அவ்வளவு பெரிய கடை.

அந்தப் பழைய பாம்டாப் கம்ப்யூட்டரை அவர்தான் கொண்டுவந்தார். கன்டெய்னர் யார்டுகளில் பெட்டி நம்பர்களைக் குறித்துக்கொள்ள வைத்திருந்து, புதுசு வந்ததும் கழித்துக்கட்டிய சாமான். கொருக்குப்பேட்டையில் ஒரு காயலான் கடையில் கிடந்ததாம். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது. திரையைக் குத்த ஒரு பிளாஸ்டிக் குச்சி இருந்தது. அதில் பேசவும் முடியாது, போட்டோவும் எடுக்க முடியாது. எனக்கு அப்போது எட்டு ஒன்பது வயசு இருக்கும். இதை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது என்று எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

மாமாவுக்கு வேறு காரணம் இருந்தது. அப்பா போய் அப்போது ஒரு மாசம்கூட ஆகவில்லை.

"போய்" என்று இப்போது எழுதிவிட்டேன். அப்போது எங்கள் வீட்டில் யாரும் அந்தச் சொல்லைச் சொல்லிவிட முடியாது. திருவொற்றியூரில் கடலோரக் குப்பம் எங்களுடையது. ஒரு விடிகாலையில் வலை இறக்கும்போது வலைக்கயிறு காலில் மாட்டி அப்பா தண்ணீருக்குள் இழுபட்டுப்போனார். கரையிலிருந்து நாலு கிலோமீட்டர்கூட இருக்காது. போட்டை ஓட்டியவர் உடனே போட்டிலிருந்த ஜிபிஎஸ் பெட்டியின் பொத்தானை அழுத்தி அந்த இடத்தைக் குறித்துவிட்டார். அப்புறம் குப்பத்துப் போட்டுகள் எல்லாம் போய்த் தேடின. வலை கிடைத்தது. அப்பா கிடைக்கவில்லை.

உடம்பு கிடைக்காவிட்டால் மாவில் ஓர் உருவம் செய்து வைத்துக் கருமாதியை முடிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதற்குப் பெண்டாட்டி சம்மதிக்க வேண்டும். அம்மா சம்மதிக்கவில்லை. தாலியோடு, பூவோடு, வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். மீன் விற்கப் போகும் அன்னக்கூடை மூலையில் கவிழ்ந்து கிடந்தது. பெரியப்பா வந்து வந்து பேசிப் பார்த்தார். அம்மா ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"அந்த எடத்துக்கு என்னை இட்டுகினு போங்க. ஒரு தபா என் கண்ணால பாத்துக்கறேன். அப்பால நீங்க சொல்றதக் கேக்கறேன்."

அதுதான் நடக்காத காரியம். எங்கள் குப்பத்தில் பெண்கள் போட்டில் ஏறக்கூடாது. மீனை ஏலம் எடுக்கலாம், விற்கலாம், வலைக்குக் காசு புரட்டலாம், புருஷனுக்காகச் சாமிக்கு வேண்டிக்கொள்ளலாம். போட்டில் மட்டும் கால் வைக்கக்கூடாது. ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அம்மா சண்டை போடவில்லை. சாப்பாட்டை விட்டுவிட்டாள்.

அவளை அந்த இடத்துக்குக் கூட்டிப்போக முடியாவிட்டால் அந்த இடத்தையாவது அவள் கைக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று மாமாவுக்குத் தோன்றியிருக்கிறது. பாம்டாப்பின் தலையில் தீப்பெட்டி அளவுக்கு ஏதோ செருக ஒரு பிளவு இருந்தது. அதில் பொருந்துகிற ஜிபிஎஸ் கார்டு ஒன்றைத் தேடிப்பிடித்தார். அது குடித்த கரண்டுக்குப் பழைய பேட்டரி தாங்கவில்லை. செல்போன் பேட்டரிகளைக் கறுப்பு டேப் சுற்றி, ஒயர் இழுத்து, முதுகில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினார். துறைமுகத்துக்குப் போய் அந்தப் போட்டின் பெட்டியில் பதிந்திருந்த எண்களைப் பார்த்து இதில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் அதற்கு ஒன்றும் தெரியவில்லை. வானம் தெரியவேண்டும் என்று தெருவுக்குக் கொண்டுவந்து ஒரு பிளாஸ்டிக் குடத்தின் மேல் வைத்துக் காத்திருந்தார். கேட்க வேண்டுமா, தெருவே கூடிவிட்டது.

"தம்பி, மேல கீற சாட்லைட்டு எல்லாத்தயும் பாக்குமாமே? காணாமப்போன என் கோழி எங்க கீதுன்னு கேளேன்" என்றாள் எதிர்வீட்டு அக்கா.

"உன் கோழி கொழம்பாயி நாளாச்சு. அதெல்லாம் அதுல தெரியாது" என்றார் மாமா, தலையை நிமிர்த்தாமல்.

அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதட்டோரம் லேசாக அசைந்தது. அதைப் பார்த்த சந்தோஷத்தில் நான் தேவையில்லாமல் இன்னும் உரக்கச் சிரித்தேன்.

சாயங்காலம் கடற்கரைச் சாலைக்குப் போனோம். ஒரு பக்கம் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும். மறுபக்கம் கடல் அரிக்காமலிருக்கக் கொட்டிய கருங்கல் குவியல். திரையில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் ஓர் அம்பு, அதற்குக் கீழே தூரம். மாமா அதை அம்மாவின் கையில் வைத்து நிதானமாகச் சொன்னார். நானும் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"யக்கா, இதுக்கு உன் மூஞ்சி எந்தப் பக்கம் கீதுன்னு தெரியாது. நீ நடந்தினா, நடக்கற தெசைய வெச்சுத்தான் புரிஞ்சிக்கும். நடந்துகினே இருக்கசொல்ல அம்பு கரெக்டா காட்டும். நின்னுட்டன்னா இஷ்டத்துக்குச் சுத்தும். அப்ப அத நம்பாத. இன்னா, புரிஞ்சிதா?"

"புரிஞ்சிதுடா."

எண்ணூர்ப் பக்கமாக நடந்தோம். அம்பு வலது கைப்பக்கம் சாய்ந்து, கடலில் ஏதோ ஓர் இடத்தைக் காட்டி அசையாமல் நின்றது. அம்மா தலையைத் தூக்கி அந்தத் திசையைப் பார்த்தாள். அங்கே ஒன்றுமில்லை, தண்ணீர்தான். தூரத்தில் ஒரு கப்பல் நங்கூரம் போட்டிருந்தது. நடக்க நடக்க அம்பு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி, ஐஸ் ஃபேக்டரி வந்தபோது நேர் வலதுபக்கம் காட்டியது. கரையில் அந்த இடத்துக்கு அதைவிடக் கிட்டே போக முடியாது. அம்மா அங்கே நின்றாள்.

கொஞ்ச நேரம் அம்பு அப்படியே இருந்தது. பிறகு மெதுவாகத் தெற்கே போனது. நின்றது. சடாரென்று வடக்கே எண்ணூர்ப் பக்கம் திரும்பியது. ஒரு தடவை எங்கள் வீட்டுப் பக்கம்கூடக் காட்டியது.

"எம்மா, நைனா நடக்கறாரும்மா!" என்று கத்தினேன். அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன்.

மாமா என் தலையில் தட்ட வந்தார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆமாண்டி" என்றாள். "நடக்கறாரு."

மாமா வாயைத் திறந்தார், அவள் முகத்தைப் பார்த்தார், மூடிக்கொண்டார்.

அன்றிலிருந்து எங்களுக்கு அதுவே வேலையாயிற்று. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நானும் அம்மாவும் கிளம்பிவிடுவோம். ஐஸ் ஃபேக்டரி வரைக்கும் நடப்போம், அங்கே போய் நிற்போம். அதற்கு மேல் ஓரடி வைக்க மாட்டாள். அம்பு திரும்புகிற ஒவ்வொரு பக்கத்துக்கும் ஏதாவது சொல்வாள். "இப்ப டீ குடிக்கப் போறாரு." "தோஸ்து எவனையாச்சும் பாத்திருப்பாரு, நின்னுட்டாரு." எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பினால் மட்டும் என் தோளில் கை வைத்துக்கொள்வாள். சார்ஜ் முழுக்க இறங்கினால் அந்தப் பாம்டாப் ஏற்றி வைத்ததையெல்லாம் மறந்துவிடும். சோறு பொங்க மறந்த நாளிலும் அதைச் சார்ஜில் போட அம்மா மறந்ததில்லை. மெல்ல மெல்லச் சாப்பிடவும் ஆரம்பித்தாள். எனக்கு அந்த நாட்கள் சந்தோஷமானவை. அப்பா காணாமல் போனதற்குப் பிறகு சந்தோஷம் என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை.

இவ்வளவு பெரிய சேதியை நான் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டிருப்பேனா? தெருப் பிள்ளைகளிடம் சொன்னேன். பிள்ளைகள் அம்மாக்களிடம் சொன்னார்கள். பெண்கள் ஒவ்வொருத்தியாக ஐஸ் ஃபேக்டரிக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். போட்டில் ஏறாதவர்கள், ஜிபிஎஸ் பெட்டியை ஒருநாளும் பக்கத்தில் பார்க்காதவர்கள். தங்கள் கண் முன்னால் அம்பு கடலில் அலைவதைப் பார்த்ததும் மாரில் கை வைத்துக்கொண்டார்கள். "எதுனா கட்டையப் புடிச்சிகினு மெதந்துகினு கீறாரோ இன்னாவோ" என்று ஒருத்தி சொல்லி அழுதாள். ஆண்கள் சிரித்தார்கள். வீட்டுக்குப் போனதும் சிரிப்பு நின்றது. ஆள் உயிரோடு இருந்தும் போய்ப் பார்க்காமல் விட்டீர்களே என்று நாளைக்கு யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று பெண்கள் பிடித்துக்கொண்டார்கள்.

பெரியப்பாவுக்கு எல்லாம் தெரியும். வருஷக்கணக்காகப் போட்டு ஓட்டியவர். அந்த அம்பு எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று மாமா அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் எங்கள் வீட்டுக்கு வந்து, வாசலில் நின்றபடியே, "ஒரு தபா போயி பாத்துட்டு வந்துடறேன்" என்றார்.  அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை.

அவர் போன அன்று காற்று கெட்டிருந்தது. மற்ற போட்டுகள் எல்லாம் கரையில் கிடந்தன. இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு விடிந்ததும் கிளம்பினார். மத்தியானம் வரைக்கும் அவர்கள் திரும்பவில்லை. கருங்கல் மேல் அலை ஏறி ஏறிச் சாலையில் தெறித்தது. அம்மா கல் மேல் நின்றுகொண்டிருந்தாள். பாம்டாப் முந்தானையில் முடிந்து இருந்தது, அதை எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. கூடப் போன இரண்டு பேருடைய பெண்டாட்டிகளும் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். ஒருத்தி கர்ப்பிணி. அவள் கடலைப் பார்ப்பாள், அப்புறம் எங்கள் அம்மாவைப் பார்ப்பாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது எனக்கே.

வெயில் சாய்ந்த பிறகு போட்டு வந்தது. ஒருவர் கையில் துணி சுற்றியிருந்தது, துணி முழுக்க ரத்தம். பெரியப்பா நனைந்து நடுங்கிக்கொண்டு நேராக அம்மாவிடம் வந்தார்.

"அங்க தண்ணி தாம்மா கீது" என்றார். "சுத்திச் சுத்திப் பாத்துட்டேன். தண்ணி தான் கீது."

அவ்வளவு பெரிய ஆள் அப்படியே கல் மேல் உட்கார்ந்து, தம்பி பேரைச் சொல்லி ஓவென்று அழுதார். அதுவரை அவர் அழுது நான் பார்த்ததில்லை. அம்மா அழவில்லை. அந்தக் கர்ப்பிணிப் பெண் தன் புருஷன் கையிலிருந்த துணியை அவிழ்த்துப் பார்ப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் சாயங்காலம் வழக்கம்போலக் கிளம்பினோம். மாமாவும் கூட வந்தார், எங்களுக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி நடந்தார். காற்று அடங்கியிருந்தது. அம்மா எப்போதையும்விட வேகமாக நடந்தாள். ஐஸ் ஃபேக்டரி வந்தது. அம்பு நேர் வலதுபக்கம் காட்டியது. நான் பழக்கத்தில் நின்றுவிட்டேன். அம்மா நிற்கவில்லை.

"எம்மா, தாண்டிட்டம்மா" என்றேன்.

அவள் திரும்பவில்லை. ஓடிப்போய்க் கையைப் பிடித்துத் திரையை எட்டிப் பார்த்தேன். அம்பு ஆடாமல் அசையாமல் இருந்தது. ஆனால் முதல் முறையாக அது பின்பக்கம் திரும்ப ஆரம்பித்திருந்தது. ஒவ்வொரு கன்டெய்னர் லாரியைத் தாண்டும்போதும் இன்னும் கொஞ்சம் பின்னால் போயிற்று. தூரம் ஏறிக்கொண்டே வந்தது.

"நைனா பின்னாடி போறாரும்மா. நில்லும்மா. நீ நின்னாத்தாம்மா அவரு நடப்பாரு. நில்லேன்!"

புடவையைப் பிடித்து இழுத்தேன். கொசுவம் அவிழ்ந்தது, அதை ஒரு கையால் அள்ளிச் செருகிக்கொண்டு நடந்தாள். சாலையில் உட்கார்ந்து கத்தினேன். லாரி டிரைவர்கள் இறங்கிப் பார்த்தார்கள். மாமா ஓடிவந்து என்னைத் தூக்கிக்கொண்டார். அவர் தோளைக் கடித்தேன். அவர் என்னை இறக்கவும் இல்லை, அம்மாவைக் கூப்பிடவும் இல்லை. எர்ணாவூர் வரைக்கும் அவள் பின்னாலேயே நடந்தார்.

அங்கே போய்த்தான் அம்மா நின்றாள். நிற்பதற்கு முன்னாலேயே பாம்டாப்பை அணைத்து மாமாவிடம் நீட்டிவிட்டாள்.

"அவரு அண்ணங்கிட்ட சொல்லிடுடா. ஆவ வேண்டியதப் பாக்கட்டும்."

மாமா தலையை ஆட்டினார். அம்மா என்னை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள். நான் போகவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கருமாதி முடியும்வரை நான் அவளோடு பேசவே இல்லை. அப்பா நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தார், இவள்தான் நிற்காமல் போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.