கரண்டு வந்தால் கத்தும் பெட்டி

ஜபருல்லாவின் கண்ணில் புதுச் சாமான் ஒன்றைக் காட்டிவிட்டால் போதும், சோறு தண்ணி மறந்துவிடும். கோயமுத்தூர் உக்கடத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை அவருடையது. எரிந்துபோன பம்புசெட் மோட்டாரோ, சுற்றாத ஃபேனோ, ஊமையாகிப்போன ரேடியோவோ, எது வந்தாலும் தேறாது என்று திருப்பி அனுப்பிய வழக்கமே கிடையாது. “உங்களுக்கு என்னைக் கட்டி வச்சதுக்குப் பதிலா ஒரு ஸ்குரூ டிரைவரைக் கட்டி வச்சிருக்கலாம்” என்பாள் மனைவி சாஜிதா பேகம். “கேட்டிருந்தா சம்மதிச்சிருப்பேன்” என்பார் இவர். வாயும் அப்படி, கையும் அப்படி.

தொண்ணூற்றாறாம் வருஷம் சித்திரையில், துடியலூர்க் கவுண்டர் கந்தப்பன் வீட்டிலிருந்து உடனே வரச்சொல்லி போன் வந்தது. அந்த வீட்டில் தோட்டத்து மோட்டாரிலிருந்து வாசல் மணி வரைக்கும் எல்லாம் ஜபருல்லாவின் கைவேலைதான். போன மாதம்கூட மண்ணெண்ணெயில் ஓடும் சின்ன ஜெனரேட்டர் ஒன்றை வைத்துக் கொடுத்திருந்தார். மகள் புவனா தலைப்பிரசவத்துக்கு அமெரிக்காவிலிருந்து வரப்போகிறாள் என்றுதான் அந்த ஏற்பாடு. தினமும் மதியம் இரண்டு மணிக்குப் போகிற கரண்டு நாலு மணிக்குத்தான் வருகிறது. வாயும் வயிறுமாக இருக்கிற பெண் அந்த வெக்கையில் கிடக்கலாமா? முன்வாசலில் வைத்தால் காது கிழியும் என்பதால், புவனாவின் அறைக்குப் பின்னால், காம்பவுண்டுச் சுவரை ஒட்டிய சந்தில் தகரக் கூரை போட்டு ஜெனரேட்டரை உட்கார வைத்தார். அவள் அறையின் ஃபேனுக்கும் ஒரு லைட்டுக்கும் மட்டும் தனி லைன் இழுத்தார். “சொன்னா சொன்னபடி செஞ்சுபோட்டீங்க பாய்!” என்று கந்தப்பன் அன்றைக்கு முதுகில் தட்டிக்கொடுத்தார்.

இப்போது என்னவென்று போய்ப் பார்த்தால், கந்தப்பன் கையில் ஒரு வெள்ளைப் பெட்டி இருந்தது. சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. பின்னால் இரண்டு தட்டைப் பின். அவர் அதற்கு ஒரு பின் மாற்றியைத் தேடிப் பிடித்துச் செருகி, சுவர் பிளக்கில் குத்தப் போய்க்கொண்டிருந்தார்.

“அண்ணா! நிறுத்துங்கண்ணா!” ஜபருல்லா போட்ட சத்தத்தில் சமையலறையிலிருந்து கந்தப்பனின் மனைவி நஞ்சம்மாள் கரண்டியோடு ஓடிவந்தாள். “அது நூத்திப் பத்து வோல்ட் சாமான். நம்மூரு எரநூத்தி முப்பதைக் குடுத்தா ஒரே நிமிசத்துல கருகிப்போயிருமுங்க!”

புவனா சிரித்தாள். அவள் வந்து இரண்டு வாரம் ஆகிறது, இப்போது எட்டாம் மாதம். கட்டிலில் சாய்ந்தபடி நெற்றியைத் தடவிக்கொண்டே சொன்னாள். “என்ற ஊட்டுக்காரருதான் சூட்கேசுல வச்சு அனுப்புனாருங்க பாய் மாமா. காத்துல விஷ வாயு கலந்தா கத்தும். கார்பன் மோனாக்சைடுன்னு பேரு. கண்ணுக்கும் தெரியாது, வாசமும் வராது. அங்கெல்லாம் குளிருக்கு ஹீட்டர் போடறதால ஊட்டுக்கு ஊடு வச்சிருப்பாங்க.”

“இந்த வெய்யக் காலத்துல உனக்கு எதுக்கு கண்ணு குளிர்க்காலத்துச் சாமான்?” என்றாள் நஞ்சம்மாள்.

“மாட்டியாச்சான்னு வாராவாரம் போன்ல கேக்கறாரும்மா. மாட்டிப்போட்டாத் தொல்லை விட்டுது.”

ஜபருல்லாவுக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. காற்றை மோந்து பார்க்கிற பெட்டியாமே! அடேயப்பா! அன்று மாலையே பழைய ஸ்டெபிலைசரின் இரும்பைப் பிரித்து, கம்பி சுற்றி, நூற்றுப் பத்து வோல்ட் கொடுக்கும் டிரான்ஸ்பார்மர் ஒன்றைக் கட்டிவிட்டார். மறுநாள் காலை புவனாவின் கட்டிலுக்குப் பக்கத்துப் பிளக்கில் அதை வைத்து, பெட்டியைச் செருகினார். பச்சை விளக்கு எரிந்தது. சோதனைப் பொத்தானை அழுத்தினார். அது போட்டதே ஒரு சத்தம்! தெருநாய் எழுந்து குரைத்தது. ஜபருல்லாவுக்கு ஒரே குஷி. இன்னும் இரண்டு தரம் அழுத்திவிட்டு நஞ்சம்மாளிடம் திட்டு வாங்கினார்.

அந்தக் குஷி அன்று சாயங்காலம் வரைதான். நாலு மணிக்குக் கரண்டு வந்தது, பத்து நிமிஷத்தில் பெட்டி தானாகக் கத்த ஆரம்பித்தது. அரைமணி நேரம் கத்திவிட்டு அடங்கியது. அடுத்த நாளும் அதே நாலு மணி, அதே கூச்சல். ஜபருல்லா டிவிஎஸ் ஃபிப்டியில் பறந்து வந்தார். மீட்டரை வைத்துப் பார்த்தார். தாவாங்கட்டையைச் சொறிந்தார்.

“வேற ஒண்ணுமில்லீங்கண்ணா. கரண்டு திரும்பி வாரப்போ வோல்டேஜ் எகிறிக் குதிக்குது. இது வெளிநாட்டுச் சாமான், நம்மூரு கரண்டு ஒத்துக்கல.”

“அப்படித்தானுங்க பாய் இருக்கும்” என்ற கந்தப்பன், அத்தோடு விடாமல் அரிக்கேன் விளக்கு ஒன்றைப் பொருத்தி அறைக்குள் கொண்டுவந்து கட்டிலுக்கடியில் வைத்தார். பெட்டி பாட்டுக்குக் கத்தியது. விளக்கு பாட்டுக்கு எரிந்தது. “கெணத்துல எறங்கறதுக்கு முன்னால நாங்க விளக்கைத்தான் எறக்கிப் பாப்பமுங்க. அணைஞ்சா எறங்க மாட்டோம். இது பாருங்க, ஆடாம அசையாம எரியுது. காத்து சுத்தமுங்க பாய்.”

தலைமுறை தலைமுறையாகக் கிணற்றில் உயிரைக் காப்பாற்றிய பரீட்சை. அதற்கு மேல் யார் என்ன பேச முடியும்? ஜபருல்லாவும் தலையாட்டிவிட்டு, டிரான்ஸ்பார்மருக்கு முன்னால் ஒரு நல்ல ஸ்டெபிலைசரை வைத்துவிட்டுப் போனார்.

மூன்றாம் நாளும் கத்தியது. ஸ்டெபிலைசரில் முள் அசையாமல் நிற்கிறது, பெட்டி மட்டும் கத்துகிறது! இது ஜபருல்லாவைக் குடைந்தது. நஞ்சம்மாளுக்கோ பொறுமை போய்விட்டது. புவனாவுக்கு ஒரு வாரமாகவே சாயங்காலமானால் மண்டையிடி. இரண்டு தரம் வாந்தி வேறு. டாக்டரம்மா வெயில்தான் காரணம், நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டாள்.

“வெயிலுமில்ல மழையுமில்ல. இந்தச் சனியன் கத்தற கத்துலதான் என்ற புள்ளைக்கு மண்டையிடிக்குது! வகுத்துல இருக்கறது பயந்துபோச்சுன்னா யாருங்க பதில் சொல்றது? நாளைக்கு வந்து கழட்டிக் கொண்டுபோயிருங்க பாய்.”

“நாளைக்கு ஒரு நாள் மட்டும் குடுங்கக்கா. என்ன கோளாறுன்னு பாத்துட்டுக் கழட்டிடறேன்” என்று கெஞ்சினார் ஜபருல்லா. ஒரு சாமானிடம் தோற்றுப்போய் வீட்டுக்குப் போவதா? அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் ஒன்றரை மணிக்கே ஒயர் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றார். இரண்டு மணிக்குக் கரண்டு போனது. கந்தப்பன் சந்துக்குப் போய் ஜெனரேட்டரை இழுத்து ஸ்டார்ட் பண்ணினார். மண்ணெண்ணெய் வாடை லேசாக அடிக்கும் என்று நஞ்சம்மாள் வழக்கம்போல அறையில் ஊதுவத்தி கொளுத்தி வைத்தாள். புவனா கதவைச் சாத்திக்கொண்டு படுத்தாள்.

ஜபருல்லாவின் யோசனை இதுதான். இத்தனை நாளும் கரண்டு போனவுடனே பெட்டியும் அணைந்துவிடும். பிளக்குக்குத்தான் ஜெனரேட்டர் லைன் கிடையாதே. இன்றைக்கு ஜெனரேட்டர் கரண்டிலேயே பெட்டியை ஓட்டிப் பார்ப்போம். அதில் கத்தாமல் இருந்தால் கோளாறு சர்க்கார் கரண்டில். நீள ஒயரை இழுத்து, முன்வாசலில் ஸ்டூல் போட்டு, அதன்மேல் டிரான்ஸ்பார்மரையும் பெட்டியையும் வைத்தார். பச்சை விளக்கு எரிந்தது. ஐந்து நிமிஷம் ஆனது. இருபதும் ஆனது. பெட்டியிடமிருந்து சத்தமே இல்லை.

“பாத்தீங்களாண்ணா! ஜெனரேட்டர் கரண்டுல சமத்தா இருக்குது!” ஜபருல்லா குதிக்காத குறை. “எல்லாம் சர்க்கார் கரண்டோட வேலை. அக்கா, ஒயரோட அப்படியே எடுத்துட்டுப்போய் ரூம்ல பழைய எடத்துலயே வச்சிருங்க. இனிமே இந்த லைன்லயே ஓடட்டும்.”

நஞ்சம்மாள் முணுமுணுத்துக்கொண்டே எடுத்துப்போய்க் கட்டில் பக்கத்து மேஜையில் வைத்துவிட்டு வந்தாள். ஜபருல்லா கூடத்தில் நின்று மிச்ச ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம்தான் போயிருக்கும். உள்ளிருந்து பெட்டி அலறியது.

அவர் கை அப்படியே நின்றது. அதே பெட்டி, அதே ஒயர், அதே ஜெனரேட்டர் கரண்டு. வாசலில் வாயை மூடிக்கொண்டிருந்தது, அறைக்குள் போனதும் கத்துகிறது. மாறியது எது? காற்று. காற்று மட்டும்தான்!

திறந்த கதவு வழியாக அவர் கண் நேரே அறையின் வெண்டிலேட்டருக்குப் போனது. அதற்கு வெளியே, ஒரு முழம் கீழே, ஜெனரேட்டரின் சைலன்ஸர். மேலே தகரம். போக வழியில்லாத புகை அத்தனையும் வெண்டிலேட்டர் வழியாகத்தான் உள்ளே வரவேண்டும். கரண்டு போனால் ஜெனரேட்டர் ஓடும், அறையில் விஷம் சேரும், பெட்டிக்கோ அப்போது உயிர் இருக்காது. கரண்டு வந்த பிறகுதான் அது கண் விழித்து, நடந்ததைச் சொல்லிக் கதறியிருக்கிறது. நாம்தான் வோல்டேஜ், வோல்டேஜ் என்று அதன் வாயை அடைத்திருக்கிறோம்.

இத்தனையும் ஒரு நொடியில் மண்டைக்குள் ஓடியது. அடுத்த நொடியில்தான் அதைவிடப் பயங்கரமானது உறைத்தது. பெட்டி ஒரு கை தூரத்தில் ஊரே கேட்கக் கத்துகிறது. புவனா புரண்டுகூடப் படுக்கவில்லை.

“அக்கா! புள்ளையத் தூக்குங்க! அண்ணா, ஜெனரேட்டரை நிறுத்துங்க! ஓடுங்க!”

நஞ்சம்மாள் உலுக்கினாள். “கண்ணு… அம்மணி… எந்திரி சாமி!” தலை துவண்டு விழுந்தது. கூச்சம் பார்க்கிற நேரமா? ஜபருல்லா உள்ளே பாய்ந்தார். ஜெனரேட்டரை அணைத்துவிட்டு ஓடிவந்த கந்தப்பனும் சேர, மூவருமாக அவளை ஜமுக்காளத்தோடு தூக்கி முன்வாசலில், வேப்பமரத்தடியில் கிடத்தினார்கள். நஞ்சம்மாள் முந்தானையால் விசிறிக்கொண்டே கதறினாள். ஒரு யுகம் போன மாதிரி இருந்தது. புவனா இருமினாள். வாந்தி எடுத்தாள். “ஏம்மா தூக்கிட்டு வந்தீங்க, தூக்கமா வருது” என்றாள். அந்த வார்த்தையைக் கேட்டதும் ஜபருல்லா கார் கதவைத் திறக்க ஓடினார்.

கந்தப்பனின் கார் ஆஸ்பத்திரி வரைக்கும் ஹாரனிலேயே போனது. ஆக்ஸிஜன் வைத்தார்கள். டாக்டரம்மா வயிற்றில் காதை வைக்காத குறையாகப் பிள்ளையின் நாடியைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். வெளியே பெஞ்சில் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. வோல்டேஜ் கோளாறு என்று சொல்லிக்கொண்டே இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அவருக்குத் தெரியுமே.

“அக்கா, அந்த ஜெனரேட்டரை அங்கே வச்சது நானுங்க. சத்தத்தைப் பாத்தேனே ஒழிய புகை எங்கே போகும்னு பாக்கல. என்னை என்ன வேணும்னாலும் சொல்லுங்க.”

நஞ்சம்மாள் எழுந்துபோய்ப் பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தாள். கோபம் அவள் முகத்தில் அப்படியே இருந்தது. டாக்டரம்மா வெளியே வந்து, இரண்டு உயிரும் நல்லபடியாக இருக்கிறது, இன்னும் அரைமணி தாமதித்திருந்தால் என் கையில் இல்லை என்று சொன்ன பிறகுதான் அழுகை உடைந்தது.

“நீங்க வச்சீங்க, சரிங்க பாய். வாடை வருதுன்னு தெரிஞ்சும் தினமும் ஊதுவத்தி கொளுத்தி வச்சவ நானுங்க. அந்தப் பெட்டியத் தூக்கி வீசச் சொன்னவளும் நானுங்க.”

“விளக்கைக் காட்டிக் காத்து சுத்தம்னு சொன்னவன் நான்” என்றார் கந்தப்பன்.

அன்று அமெரிக்காவிலிருந்து மருமகன் சரவணன் போனில் பேசினான். கிணற்றில் விளக்கு அணைவது ஆக்ஸிஜன் குறைவதால் மாமா, இந்த வாயு ஆயிரத்தில் இரண்டு பங்கு கலந்தாலே ஆளைச் சாய்த்துவிடும், விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும் என்றான்.

ஜபருல்லா மறுநாளே ஜெனரேட்டரைப் பெயர்த்துத் தோட்டத்துக் கோடியில், சைலன்ஸரை வேலிப்பக்கம் திருப்பி வைத்தார். கரண்டு போனாலும் பெட்டி உயிரோடு இருக்கக் கார் பேட்டரி ஒன்றில் இன்வெர்ட்டர் கட்டிக் கொடுத்தார். அதோடு விட்டாரா? கோயமுத்தூரில் தான் ஜெனரேட்டர் வைத்துக் கொடுத்த வீடுகளுக்கெல்லாம் டிவிஎஸ் ஃபிப்டியில் அலைந்தார். வாசலில் நின்றபடியே, “பக்கத்துல எந்த ஜன்னலுங்க?” என்பதுதான் முதல் கேள்வி. ஏழு வீடுகளில் இடம் மாற்றினார்.

நாற்பது நாள் கழித்து ஒரு மத்தியானம், கடைக்குப் பக்கத்து எஸ்.டி.டி. பூத்காரர் கூப்பிட்டார். “பாய், துடியலூர்க் கவுண்டர் ஊட்டம்மா லைன்ல!”

ஜபருல்லா கம்பியைப் போட்டுவிட்டு ஓடினார். ரிசீவரைக் காதில் வைத்ததும், “ஏனுங்க பாய்…” என்று நஞ்சம்மாளின் குரல். அதற்குப் பின்னால் வீல் வீலென்று ஓர் அலறல்.

“அக்கா! பேசிட்டு நிக்காதீங்க! புள்ளையத் தூக்கிட்டு வெளிய போங்க! ஜன்னலையெல்லாம் தொறந்து விடுங்க, இதோ வாரேன்!”

பூத்தில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பக்கம் நஞ்சம்மாள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. “ஆஸ்பத்திரியில இருந்து பேசறனுங்க பாய். இப்பக் கத்தறது பெட்டி இல்லீங்க. என்ற பேத்தி.”

ஜபருல்லா ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டார். “நல்லாக் கத்துறாளாக்கா?”

“கரண்டு இருந்தாலும் கத்துறா, போனாலும் கத்துறாங்க.”

“அப்படித்தானுங்க இருக்கணும்” என்று சொல்லிவிட்டு, ரிசீவரை வைக்க மறந்து, பூத்து ஸ்டூலில் உட்கார்ந்து ஜபருல்லா வாய்விட்டு அழுதார்.