அண்ணன் வயலும் அப்பாவின் காப்பியும்

என் அப்பா ஐயாவு தாண்டிக்குடி மலையில் காப்பி பயிரிட்டவர். சொந்த ஊர் கீழ்வேளூர் பக்கம். கூலி நெல் கேட்டு நடந்த தகராறில் வீட்டை இழந்து மலையேறினார். எஸ்டேட்டில் வேலை செய்து, பிறகு ஒரு சரிவில் சிறிய தோட்டம் வாங்கினார். அவருடைய அண்ணன் செல்லதுரை ஊரிலேயே இருந்தார். விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் நின்று ஜெயிலுக்கும் போய்வந்தார். நில உச்சவரம்புச் சட்டத்தில் பண்ணையாரிடமிருந்து எடுத்த நிலத்தில் அவருக்கு ஒரு ஏக்கர் பட்டா கிடைத்தது.

அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. பண்ணையார் வயலில் இருவரும் சேர்ந்துதான் நாற்றுப் பறித்தார்கள். இப்போது ஒருவர் மட்டும் அந்த வயலுக்குச் சொந்தக்காரர். தன் காப்பி நல்ல காப்பி என்று அண்ணன் வாயால் கேட்கவேண்டும். அப்பாவுக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

முதல் பறிப்பில், நெல்லைப் போலப் பழத்தைக் குவித்துச் சாக்கால் மூடினார். குவியல் சூடேறிப் புளித்து நாறியது. பிறகு கற்றுக்கொண்டார். செக்கச்சிவந்த பழத்தை மட்டும் பறிப்பார். அன்றைக்கே தோல் நீக்கித் தொட்டியில் ஊறப்போடுவார். வழவழப்பு போய், கையில் தேய்த்தால் சரளைபோல நெறுநெறுக்கும்போது கழுவுவார். வலைக்கட்டிலில் பரப்பி, கிளறிக் கிளறி உலர்த்துவார். நான் காப்பித் தரம் பார்க்கும் வேலைக்குப் படித்ததே அந்தத் தொட்டியைப் பார்த்துத்தான்.

ஒரு தை மாதம், மேல் ஓடு நீக்காத காப்பியை மூட்டை கட்டி ஊருக்குக் கொண்டுபோனார். நானும் கூடப் போனேன். தானே குத்தி, வறுத்து, அண்ணனுக்குப் போட்டுக் கொடுக்க ஆசை. கடைத்தெருவில் ஃபில்டர் வாங்கிக்கொண்டு திரும்பினோம். பெரியம்மா காளியம்மாள் அண்டாவில் மொத்தத்தையும் அவித்துக்கொண்டிருந்தார்.

“என்ன அண்ணி பண்ணீங்க?”

“உமியோடதானே தம்பி கொண்டாந்தீங்க. அவிச்சுக் காயவச்சாத்தானே குத்தலாம்?”

பெரியப்பா விழுந்து விழுந்து சிரித்தார். “மலைக்குப் போனாலும் நமக்குப் புழுங்கல்தான்டா.” சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார்: “எதுக்குடா அங்க கெடந்து குளுருல சாவுற? பாதி நெலத்த எழுதித் தர்றேன். வந்துரு.”

அடுத்த பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டோம். “பிச்சை போடுறான் எனக்கு” என்றார் அப்பா. அதன்பின் ஊர்ப்பக்கம் போகவில்லை. ஆனால் வருடம் தவறாமல் ஆள் மூலம் காப்பிப் பொடி அனுப்பினார். பதில் வந்ததில்லை.

போன மார்கழியில், பறிப்பு நடக்கும்போதே அப்பா இறந்துபோனார். பெரியப்பா முதல் தடவையாக மலைக்கு வந்தார். அடக்கம் முடிந்ததும் தோட்டத்தைச் சுற்றி நடந்தார்.

“இங்க யாரு தண்ணி தொறந்து விடுறது?”

“யாரும் இல்ல பெரியப்பா. பங்குனியில பூவுக்கு ஒரு மழை. அப்புறம் பருவமழைதான்.”

“நான் ஆயுசுக்கும் மேட்டூரப் பாத்துக்கிட்டே கெடந்தேன். இவன் ஒருத்தங்கிட்டயும் கேட்டு நிக்கல.” ஒரு பழத்தைக் கிள்ளிப் பார்த்தார். “பொடி வரும்போதெல்லாம் ஊர்ல ஒருத்தருக்கும் குடுக்க மாட்டேன். அப்புடி இருக்கும்.”

“ஒரு தடவை அவர்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“வயித்தெரிச்சல். அவனுக்கு மட்டுந்தான் இருக்குமா?”

அப்பாவைவிட அவர் ஏழு வயது மூத்தவர். பிடிமானம் இல்லாமல் சரிவில் இறங்கினார். நான் கை கொடுக்கவில்லை.