வேப்பம்பூவுக்குப் போன கைக்கடிகாரம்

ஒரு தகரப் பேணி காய்ந்த வேப்பம்பூவுக்காக, கலியாணத்தன்று மாமனார் கட்டிவிட்ட கைக்கடிகாரத்தைச் சபையார் முன்னிலையில் கழற்றிக் கொடுத்த மூடன் நான். அதுவும், மண்ணுலகச் செல்வம் வீண் என்று அரை மணி நேரம் பிரசங்கித்த கையோடு.

யுத்த காலம். திருகோணமலையில் எந்த வீட்டை எப்போது சோதனை போடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. மனைவியின் தாலிக்கொடியை வாங்கி, குசினி அலுமாரியின் பின்வரிசையில் கிடந்த வேப்பம்பூப் பேணிக்குள் புதைத்துவைத்தேன். எங்கள் வீட்டில் அதை ஒருவரும் தின்பதில்லை. இடத்தை மனைவிக்குச் சொல்லவில்லை. யார் எதைக் கேட்டாலும் உண்மையைச் சொல்லிவிடுகிற பிறவி அவள். "பத்திரமான இடத்திலை இருக்கு" என்றதோடு சரி.

அறுப்பின் பண்டிகை வந்தது. அன்று வீட்டுக்கு வீடு விளைந்ததையும் வைத்திருப்பதையும் வேதக்கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். ஆராதனை முடிய எல்லாம் ஏலம் போகும். மூதூரிலிருந்து வரவேண்டிய போதகருக்கு லோஞ்ச் படகு ஓடவில்லை. பிரசங்கம் என் தலையில் விழுந்தது. பூச்சியும் துருவும் தின்னும் பொருளைச் சேர்க்காதீர்கள் என்று முழங்கினேன். துறைமுகத்துக்குள் குண்டோடு முக்குளித்துவரும் சுழியோடிகள் நுழையாமலிருக்க நேவிக்காரர் தண்ணீருக்கடியில் வெடி போட, ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. நான் அழுத்தம் கொடுக்க மறந்த இடங்களில் அவர்கள் கொடுத்தார்கள்.

ஏலத்தில் பூசணி போனது, சேவல் போனது. அடுத்து மேசையில் ஏறியது எங்கள் வேப்பம்பூப் பேணி. மனைவியைப் பார்த்தேன். காணிக்கை கொடுத்தவளின் சாந்தம் முகத்தில்.

நான் கேட்ட விலைக்கு மேல் கேட்டார், துறைமுகக் கந்தோரில் வேலைபார்த்து இளைப்பாறிய பெரியவர் ஒருவர்.

"தம்பி, எனக்குச் சலரோகம், சீனிக்கு இது நல்ல மருந்து. உமக்கு என்னத்துக்கு?"

"எனக்கும் அந்த வருத்தம்தான், ஐயா."

அவர் ஏலம் கூறிய மூப்பரிடம் திரும்பினார். "அப்ப அதைத் திறவுங்கோ. பூச்சி கிடக்கோ எண்டு பாப்பம்."

"திறக்கவேண்டாம்! காத்துப் பட்டாக் குணம் போயிடும்!" பிரசங்கத்தில் எழும்பாத குரல் அப்போது எழும்பியது.

பெரியவர் வீம்புக்கு ஏற்றிக்கொண்டே போனார். சட்டைப்பை காலியானதும் கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தேன். மூப்பர் அதை எல்லாருக்கும் தெரியத் தூக்கிப் பிடித்தார். "பாருங்கோ சனங்களே, சொன்னதை உடனை செய்து காட்டுறார்!" ஒரு அம்மா கண்ணைத் துடைத்தார். வெட்கத்தில் தலையைக் குனிந்தேன்; அதையும் தாழ்மை என்று எடுத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பேணியைப் பாயில் கொட்டினேன். பூ. பூவைத் தவிர வேறொன்றும் இல்லை. திரும்பவும் கிளறினேன்.

"தாலிக்கொடியையோ தேடுறியள்?" மனைவி வாசலில் நின்றாள். "பூவைக் காயப்போடக் கொட்டினனான், விழுந்தது. எடுத்து உங்கட தலைகாணிக்குள்ளை வைச்சுத் தைச்சுப்போட்டன்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"ஆமிக்காரன் கேட்டா உங்கட முகமே காட்டிக் குடுத்திடும். மூண்டு மாசமா அதிலைதானே தலை வைச்சுப் படுக்கிறியள்."

பாயில் கிடந்த பூவைப் பார்த்தாள். வெறுமையான என் மணிக்கட்டைப் பார்த்தாள்.

"சரி, இவ்வளவு ஆசைப்பட்டு வாங்கினியள். மத்தியானத்துக்குப் பொரிக்கட்டோ?"