ஏழாம் வார்டு அக்காவின் முனகல்

ஏழாம் வார்டில் யாராவது சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டால் நர்சுகள் டாக்டரைத் தேட மாட்டார்கள், அக்காவைத்தான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருடமாக அங்கே அட்டெண்டர். "என்ன மாமா, அத்தை கையால விஷத்தக் குடுத்தாலும் முழுங்குவீங்க, நான் ஊட்டுனா கசக்குதா?" என்று எதையாவது சொல்லிச் சிரிக்க வைத்து, சிரிக்கிற வாய்க்குள் கரண்டியை நுழைத்துவிடுவார். அவர் தொழில் கையில் பாதி, வாயில் பாதி.

மருத்துவமனை கைமாறியது. நோயாளியைத் தொடுகிற எல்லாரும் ஆங்கிலம் பேச வேண்டும், மூன்று மாதத்தில் பேச்சுத் தேர்வு, தேறாதவர்களுக்கு அடித்தளத்து லாண்டரி என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். சொல்லிக்கொடுக்க என்னை அமர்த்தினார்கள்.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் நான். ஊர்ப் பள்ளியில் ஆங்கிலத்தைக் கோரஸாகக் கத்தி மனப்பாடம் செய்துவிட்டு, கல்லூரியில் ஒரு வாக்கியம் பேச நாக்கு புரளாமல் தவித்தவன். அதனால் என் வகுப்பில் மனப்பாடமே கூடாது என்று வைராக்கியம். ஆசிரியர் பயிற்சியில் படித்த புது முறைதான்: இருவர் இருவராக, ஒருவர் நோயாளி, ஒருவர் அட்டெண்டர் என்று நடித்துப் பேச வேண்டும். தமிழ் கூடாது. வாய்தவறித் தமிழ் பேசியவர், அடுத்த ஆள் வாய்தவறும் வரை நிற்க வேண்டும். இந்தக் கடைசி விதி மட்டும் என் சொந்தச் சரக்கு.

முதல் வாரம் முழுக்க அக்காதான் நின்றார். உட்கார்ந்த கையோடு "அப்பாடா" என்பார், மறுபடி எழுந்திருப்பார். முட்டி வீங்கிப்போனது. இரண்டாவது வாரம் வாயை மூடிக்கொண்டார்.

அவருக்கு ஜோடி லிஃப்ட்காரர். யார் நோயாளி என்று கேட்டேன். அக்கா பட்டென்று கையைத் தூக்கினார், வகுப்பில் கிடந்த பழைய கட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டார்.

"வேர் இஸ் த பெயின்?" என்றார் லிஃப்ட்காரர்.

"ஆ… ஊ… ஊ…" கண் செருகியது, கை தொங்கியது.

"அக்கா, நடிக்கச் சொன்னா செத்தே போயிருவ போலிருக்கே!" என்று லிஃப்ட்காரர் தமிழில் அலறி, நிற்கும் தண்டனையை வாங்கிக்கொண்டார். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. நானும்தான். அன்றைய பதிவேட்டில் அக்கா பெயருக்கு நேராக எழுதினேன்: ஆர்வமாகப் பங்கேற்கிறார்.

முனகலுக்கு மொழி கிடையாது. படுத்தால் முட்டியும் வலிக்காது. அப்புறம் அவர் கட்டிலை விட்டு எழவே இல்லை, நானும் பதிவேட்டில் தினமும் அதே வரியை எழுதினேன்.

ஒருநாள் வகுப்பு கலைந்ததும் சொன்னேன்: "அக்கா, நாளைக்கு நீங்க அட்டெண்டரா நடிங்க."

"நாளைக்குப் பாக்கலாம் தம்பி."

"வீட்ல மககிட்டயாவது பேசிப் பழகுங்க. அவதான் இங்கிலீஷ் நல்லாப் பேசுவாளே?"

"பேசுவா. நான் வாயத் தொறந்தா சிரிக்கிறா. சிரிச்சுட்டு ஓடிவந்து கட்டிக்கிறா, அத என்னன்னு திட்டுறது? தம்பி, எப்படியாவது தேத்தி விட்டுருங்க. லாண்டரில எட்டு மணி நேரமும் நிக்கணுமாம்."

நாளைக்குப் பார்க்கலாம் என்று நானும் விட்டுவிட்டேன். வகுப்பு கலகலப்பாகப் போய்க்கொண்டிருந்தது.

தேர்வும் அதே அறையில்தான். வெளியிலிருந்து வந்த அம்மையார் அதே கட்டிலில் படுத்துக்கொண்டு, "ஐ ஆம் த பேஷண்ட்" என்றார். படுக்க வேண்டிய இடத்தில் வேறொருவர். அக்கா திகைத்து நின்றது ஒரு நொடிதான். பிறகு தலையணையைச் சரிசெய்தார், போர்வையை இழுத்துவிட்டார், தண்ணீர் தம்ளரை அவர் கைக்கு எட்டுகிற பக்கம் நகர்த்தினார். ஒரு குறை சொல்ல முடியாது. பேச்சு மட்டும் இல்லை.

"ஸ்பீக் டு மீ" என்றார் அம்மையார்.

அக்கா வாயைத் திறந்தார். அந்த அறையில் மூன்று மாதம் அவர் எழுப்பிப் பழகிய ஒரே சத்தம்தான் வந்தது.

"ஊ…"

தன்னைக் கேலி செய்கிறார் என்று அம்மையார் எழுந்து உட்கார்ந்துவிட்டார். லிஃப்ட்காரர் தேறினார்.

இன்னொரு முறை தேர்வு வைக்கச் சொல்லி மேலாளரிடம் போனேன். அவர் என் பதிவேட்டையே என் பக்கம் திருப்பினார். "தினமும் ஆர்வமாப் பங்கேற்கிறார்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க. அப்பவும் ஒரு வார்த்தை வரலைன்னா இனிமே எங்க வரப்போகுது?" என் கையெழுத்து, அழகாகத்தான் இருந்தது.

போன வாரம் அடித்தளத்துக்குப் போனேன். இயந்திரங்களின் இரைச்சலில் என் குரலே எனக்குக் கேட்கவில்லை. அக்கா ஈரத்துணியை உதறிக்கொண்டு நின்றார். முட்டியில் கட்டு. அப்போது சுவரிலிருந்த போன் விளக்கு மின்னியது, அக்கா எடுத்தார். ஏழாம் வார்டு நர்ஸ். ஒரு பெரியவர் இரண்டு நாளாக வாயைத் திறக்கவில்லையாம். லாண்டரி ஆள் வார்டுக்கு வரக்கூடாது, அதனால் போனை அவர் காதில் வைக்கிறேன், பேசுங்கள் என்றாராம்.

"என்ன மாமா!" என்று அக்கா கத்தினார். "என்ன மாமா, கோவமா? நான்தான் பேசுறேன்! மாமா!"

கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார். சற்றுக் கழித்து நர்ஸ் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். அக்கா போனை வைத்தார்.

"இரைச்சல் மட்டுந்தான் கேக்குதாம் தம்பி" என்றார். அதையே இரண்டு முறை சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது.