மாட்டுக்குள் போன அதிகாரம்

கடிதத்தை மாடு தின்றது உண்மை. அதை மாட்டுக்கு எட்டும் இடத்தில் வைத்தது நான். அரசாங்கக் கந்தோரில் பியோனாக இருந்த அத்தனை வருடத்தில் நான் விட்ட பிழை அது ஒன்றுதான். புதிதாக அந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்.

அன்று காலை எங்கள் மேலதிகாரி பெரியையா பயிற்சிக்காக இந்தியாவுக்குப் புறப்பட்டார். காரில் ஏறும்போது ஒரு கடிதத்தை என் கையில் தந்தார். "தங்கம்மாக்கா, இதைச் சின்னையாட்டக் குடுங்க. நான் வரும்வரைக்கும் கையெழுத்தெல்லாம் அவர்தான்."

அவருக்கு அடுத்த அதிகாரியான சின்னையா இன்னும் வரவில்லை. கடிதத்தை யன்னல் விளிம்பில் வைத்து, மேலே கல்லும் வைத்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போனேன்.

யன்னலுக்கு வெளியே கணபதிப்பிள்ளையின் பசு நின்றது. கல்லடி ஊரில் இருக்கும் அவருடைய மகளுக்கு இரட்டைப் பிள்ளைகள். மருமகன் உழைப்பதெல்லாம் பால்மாவுக்கே போகிறது. அதனால் இங்கே படுவான்கரையில் இருந்து பசுவைக் கொண்டுபோகிறார். மாடு ஏற்றும் பெர்மிட்டில் கையெழுத்து வேண்டும், இல்லையென்றால் வழியில் பொலிஸ் மறிக்கும். லொறிக்காரன் பன்னிரண்டு மணி வரைதான் நிற்பேன் என்றுவிட்டான்.

திரும்பி வந்தபோது கல் இருந்தது. கடிதத்தின் மூலை மாட்டின் வாயில் தொங்கியது. இழுத்தேன். திகதி மட்டும் வந்தது.

கொம்பியூட்டரில் இன்னொரு கடிதம் எடுக்கலாம். கையெழுத்து மாட்டுக்குள் அல்லவா கிடக்கிறது? பெரியையாவின் ஃபோனும் வேலை செய்யவில்லை.

"கடிதமில்லாம நான் கையெழுத்து வைக்க ஒண்ணா," என்றார் அப்போது வந்துசேர்ந்த சின்னையா.

இப்படிப்பட்ட கடிதங்களில் வரும் 'டெலிகேட்' என்ற இங்கிலீஷ் சொல்லுக்கு, தலைமை எழுத்தரான சீப் கிளாக் தடித்த அகராதியைத் திறந்தார். "டெலிகேட் எண்டா லத்தீன்ல இருந்து வந்த சொல். தன்ட சொல்லைக் குடுத்து, தனக்காக ஓராளை அனுப்புறது. பிறகுதான் அதிகாரத்தை ஒப்படைக்கிறதுக்கும் சொல்லியிருக்காங்க."

"அப்ப இப்ப அதிகாரம் ஆரிட்ட?" என்று கேட்டார் கணபதிப்பிள்ளை.

எல்லோரும் யன்னலைப் பார்த்தோம். மாடு அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"உள்ள கிடக்கிறது அரசாங்க ஆவணம். மாடு கேற்றைத் தாண்ட ஒண்ணா," என்றார் சின்னையா.

"சாணி போட்டாப் பிறகு கொண்டுபோகலாமா, ஐயா?"

"அது சிதைந்த ஆவணம். அதுக்குக் குழு வைக்கவேணும்."

வெளியே லொறி ஹோர்ன் அடித்தது. கணபதிப்பிள்ளை நிலத்தில் குந்திவிட்டார். பிழை என்னுடையது. எனக்குப் பொறுக்கவில்லை.

"சின்னையா, பெரியையா அனுப்பின ஆள் ஆரு? நான்தானே? அவர் சொன்ன சொல் என்ட காதுல கிடக்கு."

"அப்ப அதை எழுதித் தாங்க, பாப்பம்." எனக்கு எழுத வராது என்று நினைத்தார்.

மூன்றாம் வகுப்பு வரை படித்தவள் நான். ஒவ்வொரு எழுத்தாக வைத்தேன். லொறிக்காரன் ஹோர்ன் அடிப்பதை விட்டுவிட்டு உள்ளே வந்து பார்த்தான்.

'பெரியையா சொன்னார் இவர் கையெழுத்து வைக்கலாம். கடிதம் மாட்டில் இருக்கு. தங்கம்மா.'

"திகதி?" என்றார் சின்னையா. மாட்டின் வாயில் இருந்து இழுத்த மூலையைச் சீப் கிளாக் குண்டூசியால் அதில் குத்தினார். அது இன்னும் ஈரம். சின்னையா இரண்டு தரம் வாசித்து, ஃபைலில் போட்டு, பெர்மிட்டில் கையெழுத்து வைத்தார். மாடு கல்லடிக்குப் போனது.

பெரியையா திரும்பி வந்து அந்தத் துண்டைப் பார்த்தார். வேலை போயிற்று என்று நினைத்தேன். அவர் அதன் கீழே 'சரி' என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். அதன்பின் எப்போது லீவில் போனாலும், கடிதத்தைச் சின்னையாவின் கையில் தானே கொடுக்கும் முன் என்னையும் கூப்பிடுவார். "தங்கம்மாக்கா, கேட்டுக்கொள்ளுங்க," என்று உரக்க வாசிப்பார்.

பிள்ளைகளே, யாராவது கடிதம் தந்தால் அவர் வாயால் சொன்னதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கல்லை நம்பாதீர்கள்.